ஐம்பத்திரண்டு நாளில் திரும்பி வரும் தண்ணீர்

தையற்காரர் ஒருவர் டயாலிசிஸ் சிகிச்சையின்போது இறந்தது தொடர்பாக, அந்தப் பிரிவின் மூத்த செவிலியர் யாரும் அழைக்காமல் தாமாகக் காவல் நிலையத்துக்கு வந்து கொடுத்த வாக்குமூலம். வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எழுதத் தொடங்கப்பட்டது.

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் மூன்றையும் இத்துடன் உள்ள தனித்தாளில் என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. என்னைவிட ஏழு வயது மூத்த அக்காவுடன் வசிக்கிறேன். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்க்கிறார். ஊரில் அவர் முகம் தெரியாதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டுத்தான் பேருந்து ஏறுகிறார்கள். நான் பதினெட்டு வருடங்களாக இந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறேன், அதில் கடைசி ஒன்பது வருடங்கள் மூத்த செவிலியராக. என்னை யாரும் மிரட்டவோ வற்புறுத்தவோ இல்லை. நல்ல நினைவோடு இருக்கிறேன். இதைக் குறிப்பாக எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் கீழே வருவதைப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் பிரிவில் பன்னிரண்டு படுக்கைகள். காலை ஆறு மணிக்கு ஒரு ஷிஃப்ட், பதினொன்றரைக்கு இன்னொன்று. நோயாளிகள் மொத்தம் நாற்பத்தாறு பேர். பாதிப் பேர் திங்கள், புதன், வெள்ளி வருவார்கள், மீதிப் பேர் செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும் ரத்தத்தை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தமும் மறுபக்கம் தண்ணீருமாக ஓடவிட்டு, அழுக்கைத் தண்ணீரோடு அனுப்பிவிட்டு ரத்தத்தைத் திரும்ப உள்ளே விடுகிறோம். ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கு நூற்று இருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் மாடியில் உள்ள பிளான்ட்டில் சுத்தமாகி, ஒரே சுற்றுக்குழாயில் இறங்கி, ஒன்றாம் படுக்கையில் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் படுக்கைவரை வரிசையாக ஓடித் திரும்ப மேலே போகும். ஒவ்வொரு படுக்கைக்கும் அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கிளைக்குழாய் உண்டு. பிளான்ட்டைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் பம்ப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

மாதம் ஒருமுறை இந்தக் குழாய்க்குள் பிளீச்சிங் கரைசலை ஓடவிட்டுக் கிருமி நீக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரம் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகு பன்னிரண்டு கிளைக்குழாயிலும் தனித்தனியாகத் தண்ணீர் பிடித்து, ஸ்ட்ரிப் என்று நாங்கள் சொல்லும் சோதனைத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். கரைசல் மிச்சம் இருந்தால் தாள் ரோஜா நிறமாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். விதி அப்படி. நாங்கள் செய்துவந்தது வேறு. முதல் படுக்கையில் ஒரு தாள், கடைசிப் படுக்கையில் ஒரு தாள். இரண்டும் வெள்ளை என்றால் நடுவில் உள்ள பத்தும் வெள்ளை என்று வைத்துக்கொண்டு, பதிவேட்டில் பன்னிரண்டு கட்டத்திலும் "இல்லை" என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம். பம்ப் அண்ணன் ஒன்று, நான் ஒன்று. இதை நான்தான் ஆரம்பித்துவைத்தேன். இரண்டு முனையும் நன்றாக இருந்தால் நடு எப்படிக் கெடும் என்று புதிதாக வந்தவர்களுக்கு நானே பாடமும் எடுத்திருக்கிறேன்.

இன்றைக்கு இருநூற்று ஐந்து நாட்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கிருமி நீக்கம் நடந்தது. அப்போது ஏழாம் படுக்கையின் மிஷின் பழுதுக்குப் போயிருந்ததால் அதன் கிளைக்குழாய் மூடியிருந்தது. கரைசல் உள்ளே போகும்போது அதைத் திறந்திருந்தோம். கழுவும்போது திறக்க மறந்துவிட்டோம். ஆகவே நல்ல தண்ணீர் அந்த முழ நீளக் குழாயை எட்டிப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டது. ஒன்றாம் படுக்கைத் தாள் வெள்ளை, பன்னிரண்டாம் படுக்கைத் தாள் வெள்ளை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் புதன்கிழமை விடிகாலையில் பழுது பார்த்த மிஷின் திரும்பி வந்தது. அதை ஏழாம் படுக்கையில் பொருத்தினார்கள். புதிதாகப் பொருத்தினால் அந்தக் கிளைக்குழாயில் ஒரு தாள் நனைத்துப் பார்க்க வேண்டியது என் வேலை. ஒரு நிமிடம்கூட ஆகாது. பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன், ஏழாம் கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. என் கையெழுத்தையே நம்பி நான் மோசம் போனேன். அதன் பிறகு ஆறு மணிக்குத் தையற்காரரை அந்த மிஷினில் இணைத்தேன்.

தையற்காரருக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று வருடமாக எங்களிடம் வருகிறவர். வாய் ஓயாதவர். என் சீருடையின் தோள் மடிப்பு சரியில்லை என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். படுத்திருக்கும்போதும் வலது கைக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நூலை முறுக்கிக்கொண்டே இருக்கும், நூல் இல்லாவிட்டாலும். வழக்கமாகக் கூட வரும் அவர் மனைவி அன்று வரவில்லை.

ஆறேமுக்கால் மணி அளவில் அவர் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், வாய்ல பழைய சாவி வச்ச மாதிரி இருக்கு," என்றார். மாத்திரையால் அப்படி இருக்கும் என்று சொல்லி ஒரு சர்க்கரை மிட்டாய் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதையே சொன்னார். அப்போது நான் எட்டாம் படுக்கையில் ஊசி குத்திக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்காமலே, "மிட்டாய மெல்லாதீங்கய்யா, சப்பிச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு முதுகு வலிக்கிறது என்றார். தலையணை வைத்தேன். அதன் பிறகு, சரியாக ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, என் மணிக்கட்டைப் பிடித்து அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மிஷின்ல ஒரு வெள்ளைச் சட்டை கெடக்கு. காலர்ல குண்டூசி குத்தி வச்சிருக்கேன், எடுக்கல. வீட்ல சொல்லிடுங்க." அதற்கு நான், "சாயங்காலம் நீங்களே போய் எடுத்துக்கோங்கய்யா," என்றேன்.

அப்போதுதான் குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்தேன். ரத்தம் சாதாரணமாகக் கண்ணாடி போலத் தெரியாது, அன்று அதன் வழியாகப் படுக்கை விரிப்பின் கோடு தெரிந்தது. சிவப்பணுக்கள் உடைந்தால் அப்படி ஆகும் என்று பதினெட்டு வருடமாகப் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மிஷினை நிறுத்தினேன். டாக்டர் வந்தார். ஏழு ஐம்பதுக்கு உயிர் பிரிந்தது.

அவரை எடுத்துப் போன பிறகு ஏழாம் கிளைக்குழாயில் தாளை நனைத்தேன். நல்ல அடர் ரோஜா நிறம் வந்தது. அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டேன். அதன் பிறகு நனைத்த தாள் வெள்ளை. அந்த வெள்ளைத் தாளைத்தான் விசாரணைக்குக் கொடுத்தேன். அவர் எதுவும் பேசாமல் திடீரென்று மயங்கிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். மாரடைப்பு என்று முடித்துவிட்டார்கள். பம்ப் அண்ணன் வாசலில் நின்று நான் குழாயைத் திறந்துவிட்டதைப் பார்த்தார். அன்று நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ரோஜா நிறத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். இப்போது வெளுத்துப்போய் வெள்ளையாக இருக்கிறது. இதை ஆதாரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தாங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன், அவர் மனைவியிடம் குண்டூசி விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் பேசினார் என்று ஆகிவிடும். பேசினார் என்றால், பேசிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற கேள்வி வரும்.

அதன் பிறகு ஐம்பத்திரண்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. ஏழாம் படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர். தையற்காரரைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆறேமுக்கால் மணிக்கு அவர், "சிஸ்டர், வாய்ல பழைய சாவி வச்ச மாதிரி இருக்கு," என்றார். உடனே மிஷினை நிறுத்தித் தாளை நனைத்தேன், வெள்ளை. இன்னொன்று நனைத்தேன், வெள்ளை. ஆறு தாள் நனைத்தேன். அதற்குள் அவருக்குச் சுவை போய்விட்டது. சரி என்று மறுபடி இணைத்தேன். தூங்கிப்போனார். தூக்கத்தில் அவருடைய வலது கைக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் முறுக்கிக்கொண்டே இருந்தன. லாரி ஓட்டுகிறவர் கை அது, விரல் ஒவ்வொன்றும் தடித்துக் காய்த்திருந்தது. அவ்வளவு நுணுக்கமாக முறுக்கியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுவாரம் கசிவு என்று பொய் சொல்லி ஏழாம் கிளைக்குழாயை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னேன். போட்டார்கள். பழைய கரைசல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்ல அதன் பிறகு வழியே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை பன்னிரண்டு படுக்கைக்கும் பன்னிரண்டு தாள் என் கையாலேயே நனைக்கிறேன். எல்லாமே வெள்ளை.

நூற்று நான்காம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று படுக்கைக்காரர்களும் ஒரே நேரத்தில் நாக்கைத் துடைத்துக்கொண்டார்கள். ஏழே பத்துக்கு மூவருக்கும் முதுகு வலித்தது. ஆறாம் படுக்கையில் இருந்த கணக்கு டீச்சர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "காலர்ல என்னமோ இருக்கு," என்றார். அவர் போட்டிருந்தது கழுத்துப் பட்டையே இல்லாத ஆஸ்பத்திரி அங்கி. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதன் பிறகு கேட்டதற்கு மூன்று பேருக்கும் எதுவும் நினைவில் இல்லை. கணக்கு டீச்சர், "நான் நல்லாத் தூங்கிட்டேன், நீதான் வெளிறிப்போய் நிக்குற," என்று என்னைக் கேலி செய்தார்.

அன்று மதியம் பம்ப் அண்ணனிடம் போனேன். தையற்காரர் இறந்த பிறகு முதல்முறையாக அவரிடம் அதைப் பற்றிப் பேசினேன். அவர் இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் ஊர்க் குடிநீர் நிலையத்தில் இருந்தவர். "நம்ம மிஷின்லேர்ந்து வெளிய போற தண்ணி எங்கண்ணே போகுது?" என்று கேட்டேன். சாக்கடை, அங்கிருந்து கழிவு சுத்திகரிக்கும் குட்டைகள், அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து குடிநீர் நிலையம், அங்கிருந்து நம் தொட்டி என்று விரலை மடக்கிச் சொன்னார். "சுத்திச் சுத்தி நம்மகிட்டதாம்மா வரும். வேற எங்க போகும், அதுக்கென்ன மாமியார் வீடா இருக்கு?" என்று சிரித்தார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சுவரில் கரித்துண்டால் கூட்டிப் பார்த்தார். ஐம்பது நாள், நம் தொட்டியில் இரண்டு நாள். கூட்டிய பிறகு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. அன்று நான் சாக்கடைக்குத் திறந்துவிட்ட இருபது நிமிடத் தண்ணீரைத்தான் அவரும் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை அரசு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். அங்கிருந்த ரசாயன அதிகாரி ஒரு வாரம் கழித்து, எதுவுமே இல்லை, இவ்வளவு சுத்தமான தண்ணீரைத் தான் பார்த்ததில்லை என்றார். இருந்தது போன பிறகும் தண்ணீருக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு பேச்சு உண்டு. எவ்வளவு கரைச்சாலும் தண்ணி எதையும் மறக்காதுன்னு சொல்றவங்க இருக்காங்க. நாங்க நம்பறதில்லை. அது மட்டும் நெஜமா இருந்தா நம்மளால ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாதும்மா," என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையற்காரர் இறந்த ஒரு மாதம் கழித்து அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி ஷிஃப்டில் இடம் காலியாக இருந்தது. யாருடைய இடம் என்று சொல்லத் தேவையில்லை. வேறு ஊரில் பார்க்கலாம் என்றால் மூன்று மணி நேரப் பயணம், அங்கேயும் காத்திருப்போர் பட்டியல். என் கையால் கொன்ற மனிதரின் படுக்கையில் என் அக்காவைப் படுக்கவைத்து உயிரோடு வைத்திருக்கிறேன். தையற்காரர் பற்றி அக்காவிடம் நான் மூச்சுக்கூட விட்டதில்லை.

நூற்றைம்பத்தாறாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. நான் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அன்று அக்காவை வரவேண்டாம் என்று சொல்லலாம் என்றால் அவர் காலில் நீர் கோத்து வீங்கியிருந்தது. ஒரு நாள் தள்ளினாலும் மூச்சுக்கு ஆபத்து. ஐந்தரை மணிக்குப் பன்னிரண்டு தாளும் நனைத்தேன். வெள்ளை. ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரையும் இணைத்தோம். நான் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஆறேமுக்காலுக்குப் பன்னிரண்டு பேரும் நாக்கைத் துடைத்தார்கள். அதன் பிறகு தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார்கள். ரத்த அழுத்தம், நாடி எல்லாம் சரியாக இருந்தன. பிரிவில் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இருபத்துநான்கு கைகளில் பன்னிரண்டு வலது கைகள் மட்டும் நூல் முறுக்கிக்கொண்டிருந்தன. என்னோடு இருந்த இரண்டு செவிலியர்களும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன், விசாரித்துக்கொள்ளலாம்.

ஏழே பத்துக்கு ஒன்றாம் படுக்கைக்காரர், "மிஷின்ல," என்றார். அதன் பிறகு இரண்டாம் படுக்கையில் இருந்தவர், "ஒரு வெள்ளைச் சட்டை," என்றார். மூன்றாம் படுக்கை, "கெடக்கு." நான்கு, "காலர்ல." ஐந்து, "குண்டூசி." ஆறு, "குத்தி வச்சிருக்கேன்." சுற்றுக்குழாயில் தண்ணீர் ஓடும் அதே வரிசையில், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர். அது என் அக்காவிடம் வந்தது. நான் அவர் வாயைப் பொத்தினேன். பொத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைக்குள் அவர் உதடு அசைந்தது. கையை எடுத்தேன். அக்கா கண்ணைத் திறக்காமல், ஒலிபெருக்கியில் பேருந்து எண்ணைச் சொல்கிற அதே தெளிவான குரலில், "எடுக்கல," என்றார். எட்டாம் படுக்கை, "வீட்ல." ஒன்பது, "சொல்லிடுங்க." மீதி மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை, என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் மூடித்தான் இருந்தது.

அப்போது பன்னிரண்டு ரத்தக் குழாய்களையும் பார்த்தேன். எல்லாவற்றின் வழியாகவும் படுக்கை விரிப்பின் கோடு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் பதினைந்து வரை எண்ணக்கூடிய நேரம். நான் ஓடிப்போய் மிஷின்களை நிறுத்துவதற்குள் ரத்தம் பழையபடி ஆகிவிட்டது. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை பன்னிரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. டாக்டரிடம் இந்தக் குழாய்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டார். காரணம் சொல்ல என் வாய் வரவில்லை. பத்து நாள் விடுப்பில் போய் நன்றாகத் தூங்கச் சொன்னார்.

விடுப்பில் முதல் வேலையாகத் தையற்காரர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் அவருடைய கடை. தையல் மிஷின் துணி போட்டு மூடியிருந்தது. அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராமல், சட்டைக் காலரில் குண்டூசி இருக்கிறது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் மிஷின்மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். அதன் பிறகு சொன்னார்: "அந்தச் சட்டையத்தான் அவருக்குப் போட்டு அனுப்பினோம். தனக்குன்னு தைச்சுக்கிட்டது அது ஒண்ணுதான். காலர் பட்டன் போடும்போது என் வெரல்ல சுருக்குன்னு ஏறிடுச்சு. ரத்தம் சட்டைல பட்டுடுச்சு. அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. நீயே தனியாப் போன்னு அனுப்பிட்டேன். அதான் போகும்போதும் கோபமாவே போறாருன்னு நெனச்சேன். இத்தன நாளா அப்படித்தாம்மா நெனச்சிட்டு இருக்கேன்."

இல்லை, அது உங்கள் மேல் கோபம் இல்லை, உங்களுக்குக் குத்திவிடக் கூடாது என்றுதான் சொன்னார் என்றேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து, "பேசாமயே போயிட்டாருன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்டார். முதல் தடவை சாவி என்று சொன்னதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கதவைத் திறந்துவிட்டு, "இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது," என்று மட்டும் சொன்னார்.

நான் அன்றே இங்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் உண்மையைச் சொன்னால் பிரிவைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். நாற்பத்தாறு பேருக்கும் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த ஐம்பத்திரண்டாம் நாள் வரும். வருகிற திங்கட்கிழமையோடு இருநூற்றெட்டு நாள் ஆகிறது. முதல் தடவை சுவை, இரண்டாம் தடவை வலி, மூன்றாம் தடவை ரத்தம். போன தடவை பதினைந்து எண்ணும் நேரத்தில் நின்றது, இந்தத் தடவை நிற்கும் என்று யார் பொறுப்பேற்பது? திங்கட்கிழமை அக்காவின் முறை.

பம்ப் அண்ணனிடம் இங்கே வரப்போவதைச் சொன்னேன். "என் பேரையும் சொல்லிடு. ஆனா சோம்பேறின்னு மட்டும் எழுத வச்சிடாதம்மா, மறந்துட்டேன்னு எழுதச் சொல்லு," என்றார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை, பார்க்காமல் விட்டேன்.

தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டு என்று நம்புகிறீர்களா என்று தாங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அன்று அவர் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான், நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியிருக்க ஒன்பது பேர் அதைச் சொன்னார்கள். இதற்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

நேற்று டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய படுக்கை என்பதையும் சொன்னேன். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "பூட்டிட்டா எனக்கு எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்டார். மூன்றாம் நாள் மூச்சு வாங்கும் என்றேன். "அஞ்சாம் நாள்?" என்றார். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, பேப்பர எடு. யார் யார மொதல்ல வேற ஊருக்கு அனுப்பணும்னு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுத்தான் நீ அங்க பேசணும். சும்மா போய் அழுதுட்டு நின்னா அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இருவரும் உட்கார்ந்து எழுதினோம். யாருக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்து வரிசைப்படுத்தினோம். கணக்கு டீச்சர் முதலில், லாரி ஓட்டுநர் இரண்டாவது. மூன்றாவதாக அக்கா பெயரை எழுதினேன். மருத்துவப்படி அது சரியான இடம், எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். அக்கா பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டார். "என்னக் கடைசில போடுடி. உன் அக்காவ மூணாவது போட்டேன்னு வை, நீ சொன்ன மத்தது எதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்," என்றார். நான் முடியாது என்றேன். கெஞ்சினேன், கத்தினேன். என் அக்காவை உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன் அந்தக் குழாயில் தண்ணீர் ஓடுவது நிற்க வேண்டும். அதற்கு முன் பட்டியலில் உள்ளவர்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும், பக்கத்து ஊரில் இப்போது பத்து பேருக்கு மட்டுமே இடம் இருப்பதாகக் காலையில் போனில் சொன்னார்கள். பட்டியலில் மூன்றாவது வரி அடிக்கப்பட்டிருக்கிறது, அது பிழை அல்ல. கடைசி வரியில் உள்ள பெயர் என் அக்காவுடையது, அது அவருடைய கையெழுத்து. அவர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ள ஒவ்வொன்றும் நான் பார்த்து, கேட்டு, செய்தது, செய்யாமல் விட்டது. முன்பு நான் எழுதிக் கொடுத்தது பொய், இது உண்மை.

(ஒப்பம்)
மூத்த செவிலியர், டயாலிசிஸ் பிரிவு
மதியம் ஒன்றரை மணி